பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல்: போட்ட காசுக்குத் தேறுமா?

ரேட்டிங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுக்க எனக்குப் பொறுமை இல்லை. அரசுக் கல்லூரியில் சேர்ந்து வாங்கினால் ஐந்துக்கு மூன்றரை. தனியாரில் லட்சக்கணக்கில் கட்டி வாங்கினால் ஒன்றரை, அந்த அரையும் குறைந்த சம்பளத்துக்கு அங்கே பாடம் நடத்துகிற ஆசிரியர்களுக்காக.

கோத்தகிரியில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், வருமானச் சான்று, சாதிச் சான்று, அப்புறம் கல்லூரிக்கும் வேலைக்கும் ஆன்லைன் விண்ணப்பம். நானும் பி.எஸ்சி. விலங்கியல்தான், சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் என் கதையை வைத்து இதை எழுதவில்லை. விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு வசதி உண்டு, எந்தப் பட்டம் எந்தப் படிவத்துக்குள் போகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கலாம். உயிரியல் எவ்வளவு நல்ல படிப்பு என்ற பேச்சு இங்கே வேண்டாம், எங்கள் கோத்தகிரி லாங்வுட் சோலைக் காட்டுக்குள் ஒரு தடவை நடந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. இங்கே காசு மட்டும்.

முதலில் விலை. அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், ஆக 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். சேர்ந்த பிறகு டியூஷன் பீஸ் கிடையாது, மற்றக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று வருஷத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணாக இருந்தால் 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனாக இருந்தால் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 36,000 வரை வருகிறது. அதாவது பல வீடுகளில் கட்டுகிற பீஸைவிடக் கைக்கு வருகிற பணம் அதிகம். வாங்குகிறவருக்கே காசு கொடுக்கிற பொருளுக்கு இரண்டு ஸ்டார் குறைத்துப் போட எனக்கு மனசு வரவில்லை, மூன்றரை வந்ததன் பாதிக் காரணம் இதுதான்.

விலைப்பட்டியலில் வராத செலவு வேறு. மஞ்சூர், கிண்ணக்கொரை பக்கத்திலிருந்து தினமும் ஊட்டிக்கு வருகிற பிள்ளைக்குப் போகவர அரை நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும், மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்று வகுப்பும் இல்லை. ரூம் எடுத்தால் ஊட்டி வாடகை, சீசன் வந்தால் வீட்டுக்காரர் முகமே மாறிவிடும். அப்புறம் ரெக்கார்டு நோட்டு. இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். விலங்கியல் ரெக்கார்டு என்றால் ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் வெள்ளை, அந்த வெள்ளையில் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை ஹெச்.பி. பென்சிலால் வரைந்து, நிழலுக்குப் புள்ளி புள்ளியாக வைத்து, அம்புக்குறியெல்லாம் வலதுபக்க ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் முடிகிற மாதிரி பெயர் எழுத வேண்டும். சீனியர் நோட்டைக் கண்ணாடி மேல் வைத்து அடியில் பல்பு போட்டுப் படியெடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இந்த வேலையில் போகிற ராத்திரிகளில் பாதியை ஆங்கிலத்துக்கோ எக்ஸெலுக்கோ கொடுத்திருந்தால் இந்தப் பட்டத்தின் மார்க்கெட் விலை இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு அந்த மூன்று வருஷம்தான். அதே வயதில் டாக்ஸி பேட்ஜ் எடுத்துவிட்ட பையன் சீசனுக்குச் சீசன் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுகிறான், கோயம்புத்தூர் திருப்பூருக்கு இறங்கியவன் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புகிறான். தேயிலையை நம்பிய வீட்டில் இது சாதாரணக் கணக்கு இல்லை. பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபாய்க்குக் கீழே இறங்கியதெல்லாம் நாம் பார்த்ததுதானே. டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டிலிருந்து வருகிற அம்மாக்கள் என்னிடம் கேட்கிற கேள்வியும் அதுதான்: “ஏம்மா, இதப் படிச்சா வேல கெடைக்குமா, இல்ல மறுபடி அதுக்கு மேல ஏதாவது படிக்கச் சொல்வாங்களா?”

கேள்வி நூற்றுக்கு நூறு சரி. பதில், மேலே படிக்கச் சொல்வார்கள். இந்தப் பட்டத்தின் குறை அது மட்டும் இல்லை, மேலே என்ன படிக்க வேண்டும் என்பதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை, மூன்றாம் வருஷம் முடிந்து டி.சி. வாங்க வரிசையில் நிற்கும்போதுதான் தெரிகிறது. வேலை கொடுக்கிற இடத்தில் பார்ப்பது மதிப்பெண்ணை இல்லை, அறிவிப்பில் ‘கல்வித் தகுதி’ என்று இருக்கிற அந்த இரண்டு வரியை. அந்த வரியில் உங்கள் பட்டத்தின் பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் வெளியே.

ஒரு உதாரணம். உணவுப் பாதுகாப்பு அலுவலர், நல்ல பதவி, ஓட்டலுக்கும் பேக்கரிக்கும் போய் மாதிரி எடுக்கிறவர். இதற்கான தகுதி நாடு முழுக்க ஒரே விதியில் இருக்கிறது: உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், இவற்றில் ஒரு பட்டம். அல்லது வேதியியலில் முதுநிலை, அல்லது மருத்துவப் பட்டம். பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். விலங்கியலும் இல்லை, தாவரவியலும் இல்லை. ஒரு பெண் என் சென்டரில் உட்கார்ந்து அந்தப் படிவத்தில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டே இருந்தாள். “அக்கா, ஜுவாலஜின்னு ஆப்ஷனே வரலையே, நெட் ஸ்லோவா?” என்றாள். நெட் நன்றாகத்தான் இருந்தது. நுண்ணுயிரியல் பேப்பர் அவளும் படித்திருக்கிறாள், பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள், ஆனால் சான்றிதழில் இருப்பது அந்தப் பெயர் இல்லையே.

லேப் டெக்னீஷியன் இன்னொன்று. பிள்ளை உயிரியல் படிக்கிறது, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைக்கும் என்று நினைக்காத பெற்றோர் குறைவு. அரசு மருத்துவமனை வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) மாதிரி அதற்கென்றே இருக்கிற படிப்பு. பி.எஸ்சி. விலங்கியலை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சின்னத் தனியார் லேபுகளில் சேர்த்துக்கொள்வார்கள்தான், அங்கே சம்பளமும் சின்னது.

வனத்துறை என்றால் நம் மலைப் பிள்ளைகளுக்குக் கண் விரியும். சரி, அதையும் பார்ப்போம். வனக்காப்பாளர் பதவி இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பிலேயே வருகிறது, அதற்குப் ப்ளஸ் டூவில் அறிவியல் பாடம் இருந்தால் போதும், பட்டம் தேவையே இல்லை. ஆக அந்த வேலைக்காக மூன்று வருஷம் படிப்பதில் அர்த்தம் இல்லை. மேலே போகப் போகத்தான் பட்டத்துக்கு வேலை வருகிறது. வனச்சரகர் ஆவதற்கான வனத் தொழில் பழகுநர் தேர்வு, அதற்கும் மேலே யு.பி.எஸ்.சி. நடத்துகிற இந்திய வனப்பணித் தேர்வு. இந்த வனப்பணிக்கு பி.காம்., பி.ஏ. படித்தவர்கள் எழுதவே முடியாது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் (ஜியாலஜி), கால்நடை அறிவியல், இதில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியல். நம் பட்டத்துக்கு வாசல் முழுசாகத் திறந்திருக்கிற பெரிய இடம் இது. உடல் தகுதிக்கு ஆண்கள் நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பஸ் இல்லாத நாளில் நம் பிள்ளைகள் ஏறி இறங்குகிற தூரத்தை நினைத்தால் இதற்கெல்லாம் தனிப் பயிற்சி வேண்டாம். எழுத்துத் தேர்வு வேறு கதை, அதற்கு இரண்டு மூன்று வருஷம் வீட்டில் சோறு போட ஆள் வேண்டும்.

ஆசிரியர் வேலைதான் பெரும்பாலானவர்கள் மனதில் வைத்துச் சேர்வது, குறிப்பாகப் பெண்கள். கணக்கு இப்படி. பி.எஸ்சி. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம், பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். முன்பு டெட்டோடு முடிந்தது, 2018இல் வந்த அரசாணைப்படி அதற்குப் பிறகு தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். பாஸ் செய்து பட்டதாரி ஆசிரியராக அரசுப் பள்ளிக்குப் போய்விட்டால் அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. அந்த இடத்தைப் பிடித்தவர்களுக்கு இந்தப் பட்டம் ஐந்துக்கு ஐந்து. பிடிக்காதவர்கள் தனியார் பள்ளியில் காத்திருக்கிறார்கள். ஊட்டி, கோத்தகிரி பக்கம் வெளியூர்ப் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற போர்டிங் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அங்கே கேட்பது சரளமான ஆங்கிலம், பட்டம் அதற்குப் பிறகு. சின்ன மெட்ரிக் பள்ளியில் கொடுக்கிற சம்பளத்தை எழுதினால் அந்த டீச்சர்கள் சங்கடப்படுவார்கள், விட்டுவிடுகிறேன்.

நம்மூரில் ஆராய்ச்சி நிலையங்கள் நிறைய இருக்கின்றனவே, அங்கே சேர முடியாதா என்று கேட்பார்கள். இருக்கின்றன, ஒரு மாவட்டத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வெலிங்டனில் கோதுமை, ஊட்டியில் மண், நீர் பாதுகாப்பு, சாண்டிநல்லாவில் ஆடு. நீலகிரியில் உயிரியல் படிப்பதற்கு இதைவிட நல்ல சூழல் கிடைக்காது. உருளைக்கிழங்கு நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததே 1961இல் நம் மலையில்தான். பாடப்புத்தகத்தில் நூற்புழு என்றால் ஒரு படமும் நாலு வரியும். இங்கே கிழங்குச் செடியை மெதுவாகப் பிடுங்கி மண்ணை உதறிவிட்டு வேரை வெளிச்சத்தில் பிடித்தால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் உள்ளே முட்டை நிறைந்த ஒரு பெண் புழு. விளைச்சலை அது எப்படிக் குறைக்கிறது என்பதை நம் விவசாயி எந்த டிகிரியும் இல்லாமல் சொல்லுவார்.

வேலை என்று வரும்போது மட்டும் நிலைமை வேறு. இந்த நிலையங்களில் விஞ்ஞானி பதவிக்கு முதுநிலை, அதற்கு மேல். இடையில் ஒப்பந்தத்தில் எடுக்கிற திட்ட உதவியாளர் வேலைகள் வரும், திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக நமக்கென்று இடம் ஒதுக்கி வைத்திருக்கவில்லை, தேர்வு எழுத ஊர் ஊராக வருகிறார்கள்.

காடு சார்ந்த தனியார் வேலையும் உண்டு. மசினகுடி ரிசார்ட்டுகளில் இயற்கை வழிகாட்டி, தொண்டு நிறுவனங்களில் களப்பணி, பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவது. லாங்வுட் சோலை 2024இல் ராம்சார் தளமான பிறகு, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்த பிறகு, கேமராவும் கையுமாக வருகிறவர்களை நானே பார்க்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இந்த வேலையில் பட்டதாரியைவிட இருளர், குறும்பர் பையன்கள் பல மடங்கு மேலே. சத்தத்தை வைத்தே பறவையைச் சொல்லுவார்கள், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று காற்றில் முகர்ந்து சொல்லுவார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பட்டத்தையும் வாங்கினால் அந்தக் கூட்டுக்கு நான் ஸ்டார் கணக்கே பார்க்க மாட்டேன். நகரத்திலிருந்து வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் இவர்களை நம்பித்தான் தரவு சேர்க்கிறார்கள், கட்டுரையில் மட்டும் நன்றி என்று கடைசி வரியில் போடுவார்கள்.

சமவெளிக்கு இறங்கத் தயார் என்றால் இரண்டு வழி உடனே திறக்கும். மருந்துக் கம்பெனி ரெப், அப்புறம் மெடிக்கல் கோடிங். ரெப் வேலைக்கு பைக்கும் வாயும் வேண்டும், டார்கெட் அழுத்தம் உண்டு, ஆனால் நன்றாகச் சம்பாதிக்கிறவர்களும் உண்டு. மெடிக்கல் கோடிங் என்பது அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடுவது, இன்சூரன்ஸ் பணம் அதை வைத்துத்தான் போகிறது. உடற்கூறு தெரிந்தவர்கள் வேண்டும் என்பதால் உயிரியல் பட்டதாரிகளை எடுக்கிறார்கள், சென்னையில் நிறைய, கோயம்புத்தூரிலும் உண்டு. நம் பட்டத்தை அப்படியே மதிக்கிற தனியார் துறை இது ஒன்றுதான் என்று சொல்லலாம். இதில் ஒரு எச்சரிக்கை. வேலை உறுதி என்று சொல்லிப் பயிற்சிக்குப் பணம் வாங்குகிற இடங்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் கோயம்புத்தூரில் அப்படி ஒரு இடத்தில் பாட்டியின் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள், கடைசியில் கொடுத்தது ஒரு சான்றிதழும் இரண்டு கம்பெனிகளின் போன் நம்பரும். கம்பெனிகளே நேரடியாகப் புதியவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பதும் உண்டு, முதலில் அங்கே முட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போகிற பிள்ளைக்கு இந்தப் பட்டம் வெறும் படிக்கட்டு, அப்படி வைத்துக்கொண்டால் மலிவான படிக்கட்டு. பி.எஸ்சி. முடித்து பொது நுழைவுத் தேர்வுகள் எழுதி மத்தியப் பல்கலைக்கழகத்திலோ ஐ.ஐ.டி.யிலோ எம்.எஸ்சி., அதன் பிறகு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, படித்துக்கொண்டே. காட்டுயிரியல்தான் வேண்டும் என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் அதற்கு எம்.எஸ்சி. உண்டு. நான் ரொம்ப வருத்தப்படுவது இன்ஸ்பயர் உதவித்தொகை விஷயத்தில். ப்ளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் பட்டத்தில் சேர்ந்த பிள்ளைக்கு மத்திய அரசு வருஷத்துக்கு 80,000 ரூபாய் தருகிறது, அதில் 60,000 நேரடியாகக் கையில். விலங்கியலும் தாவரவியலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நீட் கிடைக்காமல் மனசு உடைந்து பி.எஸ்சி. சேர்கிற நல்ல மார்க் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்காகவே வைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் என் சென்டரில் அதற்கு விண்ணப்பம் போடச் சொல்லி வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

மற்றதோடு ஒப்பிட்டால்? நர்சிங் நாலு வருஷம், முடித்ததும் வேலை, வெளிநாடும் உண்டு. டி.ஃபார்ம். இரண்டே வருஷம், மருந்துக்கடை வைக்கலாம். எம்.எல்.டி. படித்தால் லேப் வாசல் திறக்கும். உயிரியல் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்கிற வீடு இவற்றில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். பி.எஸ்சி.யிலேயே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், தனியார் வேலை நோக்கம் உள்ளவர்களுக்கு நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் கொஞ்சம் மேல். பள்ளி ஆசிரியர், வனப்பணி நோக்கம் உள்ளவர்களுக்கு சாதாரண விலங்கியல், தாவரவியல்தான் மேல், ஏனென்றால் அந்த அறிவிப்புகளில் இருப்பது அந்தப் பழைய பெயர்கள்.

தனியார் கல்லூரிக்கு ஒன்றரை போட்டதற்கும் இதுதான் காரணம். அரசுக் கல்லூரிப் பட்டமும் அங்கே வாங்குகிற பட்டமும் ஒரே பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வருகிறது, எந்த அறிவிப்பிலும் அதற்குத் தனி மரியாதை இல்லை. கட்டிடம் பளபளப்பாக இருக்கும், லேபில் மைக்ரோஸ்கோப் புதிதாக இருக்கும், அதற்கு லட்சம் கொடுத்தால் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கல்விக்கடன் எடுத்து இதைப் படிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நர்சிங்குக்குக் கடன் எடுங்கள், அர்த்தம் இருக்கிறது.

சேர முடிவு செய்துவிட்டவர்கள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தத் துறையில் போன வருஷம் முடித்த யாராவது ஒருவருடைய புரொவிஷனல் சான்றிதழைப் பாருங்கள், பிராஸ்பெக்டஸை நம்ப வேண்டாம். சில இடங்களில் பட்டத்தின் பெயரே நீளமாக இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்கு ‘தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பம்’ என்று பெயர், விலங்கியலுக்கு ‘மேம்பட்ட விலங்கியல் மற்றும் உயிரித் தொழில்நுட்பம்’. இப்படிப் பெயர் மாறியிருந்தால் அது சாதாரண விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அந்த அரசாணை நகலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் எதிரே உட்கார்ந்திருக்கிற அலுவலர் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான், அன்றைக்குக் காலையில் என் சென்டருக்கு ஓடி வந்து தேடினால் பிரிண்ட் எடுத்துத் தருவேன், ஆனால் பஸ் போயிருக்கும்.